பின்பக்கம், வலது

“என்னங்க, அப்பாவோட ஜீப் தரையை அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு. வந்து பாருங்க!”

பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். ஷெட்டில் நின்ற ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் குட்டை. குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்தார். பதினெட்டு வருடமாக அடுத்தவர் வாயை முகர்ந்து மரத்துப்போன மூக்கே ஒரு கணம் சுருங்கியது.

“கியர் ஆயில்,” என்றார்.

“கண்டுபிடிச்சுட்டாருப்பா. அப்பா நாலு மணிக்கு வர்றார், ஞாபகம் இருக்கா?”

நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

மாமனார் மலைச்சாலைகளுக்கு அளவெடுத்தே ஓய்வு பெற்றவர். சாலை வருவதற்கு முன்பே பாறையும் ஓடையுமாகக் கிடந்த இடங்களில் எல்லாம் ஏறி இறங்கிய ஜீப் அது. மகளை ஒரே சந்திப்பில் டாக்டருக்குக் கொடுக்கச் சம்மதித்தவர், ஜீப் சாவியைக் கொடுக்கப் பத்து வருடம் எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரே ஒரு வாரத்துக்கு. சாவியை மருமகன் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டு, “பத்திரம் மாப்பிள்ளை” என்றுவிட்டுப் போயிருந்தார். நாளைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போவதாக ஏற்பாடு.

“சைலன்சரைக் கூப்பிடட்டுமா?” என்றாள் மனைவி.

சைலன்சர் என்பது தெருக்கோடி மெக்கானிக். அளந்து அளந்துதான் பேசுவார் என்பதால் வந்த பெயர். மாமனாரின் ஜீப்பை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

“வேண்டாம், வேண்டாம்! அவர் உங்கப்பா ஆளு. விஷயம் உடனே மாமா காதுக்குப் போயிடும்.”

“அந்த மனுஷன்தான் வாயே திறக்க மாட்டாரே.”

“வாயைத் திறக்காதவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்.”

உண்மைக் காரணம் வேறு. ஆறு மாதத்துக்கு முன் சைலன்சர் பல்வலியோடு கிளினிக்குக்கு வந்துபோனார். அன்றிலிருந்து அவரைத் தெருவில் கண்டால் டாக்டர் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவார். ஏன் என்று மனைவி கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

செல்போனில் ஆறு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்ததும் டாக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது.

“இவ்வளவுதானா! ஆக்சில் வெளியே வர்ற இடத்துல ஒரு ரப்பர் வளையம் இருக்கு. ஆயில் சீல். நம்ம ஈறு மாதிரின்னு வெச்சுக்கோ. ஈறு தளர்ந்தா ரத்தம் கசியும், இது தளர்ந்தா ஆயில் கசியும்.”

“ஜீப்பைக் காலையிலயும் ராத்திரியும் உப்புத் தண்ணில கொப்புளிக்கச் சொல்லுங்க.”

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று குனிந்து, கிளினிக்கின் குட்டிக் கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தார். மருந்துச் சீட்டில் தெளிவாகக் குறித்துக்கொண்டார்: ‘பின்பக்கம், வலது.’ உதிரி பாகக் கடைக்கு நடந்துபோய்ப் புது சீல் ஒன்று வாங்கி வந்தார். வேலை ஆரம்பமானது.

வீல் நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தார். நட்டு கழன்றது, இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. வலது பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் எடுத்தார். போல்ட்டுகளைக் கழற்றியும் ஆக்சில் மட்டும் வரமாட்டேன் என்றது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு வாட்சைப் பார்த்தார்.

“என்ன பண்றீங்க?”

“மரத்துப்போகட்டும். பத்து நிமிஷம்.”

பத்து நிமிஷம் கழித்து, வெளியே ஒரு இழு, ஒரு சுற்று, மறுபடி வெளியே ஒரு இழு. ஆக்சில் படக்கென்று வந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடியே டாக்டர் பின்னால் இருந்த சோப்புத் தண்ணீர் பக்கெட்டில் உட்கார்ந்தார். தண்ணீர் ஷெட் முழுக்கப் பரவியது.

“வேர் முழுசா வந்துடுச்சு!” என்று பக்கெட்டுக்குள்ளிருந்தே கூவினார்.

டார்ச் பிடித்திருந்த மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, எண்ணெய் அந்தப் பக்கம்ல ஊத்துது?”

“தரை சரிவு. இங்கேருந்து அங்கே ஓடுது.”

“பக்கெட் தண்ணி உங்க பக்கம்தானே ஓடி வருது? எண்ணெய்க்கு மட்டும் தனிச் சரிவா?”

“நீ டார்ச்சை நேரா பிடி.”

வலது பக்கம் தூக்கியிருந்ததால் உள்ளே இருந்த ஆயில் அத்தனையும் இடது பக்கம் சாய்ந்து, அங்கே நிம்மதியாக ஒழுகிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளினிக் பையிலிருந்து கடைவாய்ப் பல் பிடுங்கும் குறடை எடுத்துப் பழைய சீலைக் கவ்வி இழுத்தார். கிழிந்து வந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“பார், எப்படிக் காய்ஞ்சு போயிருக்கு! அதான் கசியுது.”

காய்ந்தது எப்படிக் கசியும் என்று மனைவி கேட்கவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

புது சீலை வைத்துச் சுத்தியால் ஒரு பக்கம் தட்டினார். மறு பக்கம் எழும்பியது. அந்தப் பக்கம் தட்டினார். இந்தப் பக்கம் எழும்பியது. கோபத்தில் நடுவாக ஒரு போடு போட்டார். சீல் கசங்கிய காது மாதிரி மடங்கிப்போனது.

மணி இரண்டு. பழையது கிழிந்தாயிற்று, புதியது வளைந்தாயிற்று, எண்ணெய் வாசல்வரை வந்தாயிற்று. டாக்டர் தரையில் அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

“அவரையே கூப்பிடு,” என்றார் ஈனக்குரலில்.

“கூப்பிட்டு கால் மணி நேரம் ஆச்சு,” என்றாள் மனைவி.

சைலன்சர் பையோடு வந்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது பக்க வெள்ளத்தையும் வலது பக்கக் கூத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் சீட்டை நீட்டினார். சைலன்சர் அதை வாங்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார், இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

“கசியறது இடது, டாக்டர்.”

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. நோயாளியின் முகத்துக்கு எதிரே நின்று, தன் இடது அவருக்கு வலது என்று மாற்றி மாற்றி எழுதிய கை அது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஜீப்புக்கும் அதே பழக்கத்தில் மாற்றி எழுதிவிட்டது. நன்றாக இருந்த பக்கத்தை அல்லவா பிரித்துப் போட்டிருக்கிறார்!

“மாமா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

“என்ன கேட்டா?” என்றது ஒரு குரல்.

மாமனார். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

அவர் கண்கள் அளவெடுத்துப் பழகிய கண்கள். “ஆயில் அந்தப் பக்கம் கிடக்கு. நீங்க இந்தப் பக்கத்தைக் கழட்டி வெச்சிருக்கீங்க. என்ன கணக்கு மாப்பிள்ளை இது?”

டாக்டருக்குப் பஞ்சு அடைத்த மாதிரி வாய் உலர்ந்தது. பத்து வருட நம்பிக்கை ஒரே பகலில் காலி. சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து நீட்டவே போனார்.

அப்போது சைலன்சர் வாயைத் திறந்தார்.

“நல்லவேளை சார், மாப்பிள்ளை இந்தப் பக்கத்தைத் திறந்தார். கசியற பக்கம் யார் கண்ணுக்கும் தெரியும். இந்த பேரிங்கைப் பாருங்க. இதுவும் உள்ளுக்குள்ளே போயிருச்சு. வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. நாளைக்கு மலை ஏறியிருந்தீங்கன்னா சக்கரம் ஒரு வழி, நீங்க ஒரு வழி.”

ஆக்சிலைக் காதருகே வைத்து பேரிங்கைச் சுழற்றி, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த வார்த்தைகளை முன்பே எங்கோ கேட்ட மாதிரி டாக்டருக்கு இருந்தது. ஆனால் உயிர் திரும்பி வந்த மகிழ்ச்சியில் யோசனை அதற்குமேல் ஓடவில்லை.

மாமனார் மருமகன் அருகில் வந்தார். எண்ணெயில் கறுத்திருந்த அவர் கையை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நாங்க எல்லாரும் அந்த வண்டியில இருந்திருப்போமே மாப்பிள்ளை. இத்தனை வருஷம் ஓட்டின எனக்குத் தெரியலை, நீங்க தேடிப் பிடிச்சிருக்கீங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இனி இது உங்க வண்டி.”

மனைவி துண்டை எடுத்து வந்து டாக்டரின் முகத்தைத் துடைத்துவிட்டாள். “நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லி நக்கல் பண்ணிட்டேன்,” என்று மூக்கை உறிஞ்சினாள்.

சைலன்சர் ஆக்சிலை ஸ்கூட்டரில் வைத்துத் தன் பட்டறைக்கு எடுத்துப் போனார். அரை மணியில் திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் புது சீல் போட்டு, புது ஆயில் ஊற்றி, சக்கரத்தை மாட்டினார். ஐந்தரைக்கெல்லாம் ஜீப் நின்ற இடத்தில் தரை துடைத்துவிட்ட மாதிரி காய்ந்து கிடந்தது.

டாக்டர் அவரை வாசல்வரை வழியனுப்பப் போனார். ஆறு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அவர் பக்கத்தில் நிற்கிறார்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. அந்தக் கெட்டுப்போன பேரிங்கை மட்டும் என்கிட்ட கொடுங்க. கிளினிக் மேசையில வெச்சுக்கறேன். தினம் பார்க்கணும்.”

சைலன்சர் வாய்விட்டுச் சிரித்தார். வலது கடைவாயில் ஒரு ஓட்டை தெரிந்தது. இடது கடைவாயிலும் அதே இடத்தில் ஒன்று.

“அதுக்கு ஒரு கேடும் இல்லை டாக்டர், கல்லு மாதிரி வண்டியிலேயே இருக்கு. அன்னைக்கும் என் தலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, நல்லா இருந்த பல்லை முதல்ல பிடுங்கிட்டு, ‘நல்லவேளை, இதுவும் உள்ளுக்குள்ளே போயிருச்சு’ன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா!”