பதினாறாம் பிரிவும் லாசால் போரும்

தலைவர் ஒருவர் நினைத்தபோதெல்லாம் போருக்குக் கிளம்புவதைத் தடுப்பது எப்படி என்று உலகத்து நாடாளுமன்றங்கள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. கனடாவிலுள்ள செயின்ட்-மிஷேல் தமிழர் நல்லுறவு ஒன்றியமோ அந்தச் சிக்கலை ஒரு ஞாயிறு பிற்பகல், தேவாலயம் ஒன்றின் கீழ்த்தள மண்டபத்தில், கட்லட் ஆறுவதற்குள் தீர்த்துவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. ஒன்றியத் தலைவர் அருமைநாதனுக்குப் போர் என்றால் உயிர். அவர் கடைசியாகத் தொடுத்த போரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இரண்டாக உடைந்து, ஒரு பாதிப் பிள்ளைகள் உடுப்புத் தோய்க்கும் கடையின் மேல்மாடியில் 'அ, ஆ' படித்தார்கள். அது கண்டு மனம் நொந்த செயலாளர் துஷாந்தினிதான் ஒன்றியத்தின் சட்டவிதிகளான யாப்பில் பதினாறாம் பிரிவை எழுதினாள்: 'தலைவர், செயற்குழுவின் ஒப்புதலின்றி, எந்த அமைப்பின் மீதும் போர் தொடுக்கலாகாது.'

ஒட்டாவாவில்கூடப் படை அனுப்ப நாடாளுமன்ற வாக்கு கட்டாயமில்லை என்று ஆலோசகர் ஜெயசங்கர் எடுத்துச் சொன்னதும் சபைக்குப் புல்லரித்தது. ஜெயசங்கர் சென்னைக்காரர், பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றினால் சட்டம் பேசுவார். கனடாவையே முந்திய மகிழ்ச்சியில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் அருமைநாதன். தன்னைத் தானே கட்டிப்போட்ட தலைவருக்குப் பொன்னாடை 'போர்'த்தினார்கள். அன்று அனுமதிக்கப்பட்ட ஒரே போர் அதுதான். பொன்னாடைக்குள் இருந்தபடியே அவர் ஒரு 'சின்னத் திருத்தம்' கேட்டார்: அவசரமென்றால் முதலில் தொடங்கிவிட்டு, வசதிப்பட்டபோது குழுவுக்கு அறிவிக்கலாம். கைதட்டல் ஓயாததால் அதுவும் நிறைவேறியது.

கோடை வந்தது. நகரின் இன்னொரு பகுதியான லாசாலின் கலைமன்ற விழாப் பதாகையில் அருமைநாதனின் பெயர் மூன்றாவதாக, அதுவும் முன்னால் 'கௌரவ' இல்லாமல் அச்சாகியிருந்தது. அன்றே வாட்ஸ்அப்பில் ஆணை பிறந்தது: லாசால் நிகழ்வு எதிலும் ஒன்றியத்தவர் கால் வைக்கலாகாது, கலைஞர்கள் வாசிக்கலாகாது.

துஷாந்தினியின் தங்கை சிவாஜினி இருப்பது லாசாலில். தங்கையின் மகள் றொஷினியின் நடன அரங்கேற்றம் வருகிற சனிக்கிழமை, அதே கலைமன்றத்தின் மேடையில். வரவேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்றியத்து ஆட்கள். அவள் தலைவரை அழைத்தாள்.

"அண்ணை, இது போர் எல்லோ? பதினாறாம் பிரிவு இருக்குது."

"போர் எண்டால் போர் எண்டு சொல்லியிருப்பன் தங்கச்சி. இது வரையறுக்கப்பட்ட மரியாதை மீட்பு நடவடிக்கை."

அடுத்ததாக, அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த பிருந்தன் விலகினான். வாசிக்க அவனுக்கு ஆசைதான். ஆனால் அவனுடைய மிருதங்க வகுப்பு ஒன்றியத்தின் தயவில்தான் அந்தத் தேவாலய மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. கைவிரல் சுளுக்கு என்று சிவாஜினிக்குச் சொல்லியனுப்பினான்.

துஷாந்தினி செயற்குழுவை அவசரமாகக் கூட்டினாள். எல்லோரும் வந்தார்கள். அருமைநாதனும் வந்து, தன்னைக் கேள்வி கேட்கும் குழு ஒன்று அமைந்தது தன் பாக்கியம் என்று உருகினார். துஷாந்தினி நேரடியாகவே கேட்டாள்: நடவடிக்கையை நிறுத்தும்படி தீர்மானம் போடுவோம், சம்மதமானவர்கள் கை தூக்குங்கள்.

ஒருவருக்கு அந்தக் கணம் பார்த்துத் தொலைபேசி அதிர்ந்தது. ஒருவர் கார் நிறுத்திய இடத்தில் தண்டச்சீட்டு வைத்துவிடுவார்கள் என்று எழுந்து போனார். மற்றவர்கள் ஜெயசங்கரைப் பார்த்தார்கள். ஜெயசங்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போர்னா என்னன்னு பிரிவுல எங்கயும் சொல்லலையே, மேடம். முதல்ல அத வரையறுக்கணும். அதுக்கு ஒரு உபகுழு போடலாம்."

உபகுழு ஏகமனதாக அமைந்தது. அதன் தலைமைக்கு அருமைநாதனே பொருத்தமானவர் என்று முடிவாயிற்று. போரில் அவ்வளவு அனுபவம் வேறு யாருக்கும் இல்லை. துஷாந்தினி விடவில்லை. வாதாடி, மன்றாடி, கடைசியில் 'நிறுத்துக' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆழ்ந்த கரிசனை' என்று போட்டால் கையெழுத்து வைப்பதாக எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். வைத்தார்கள். அருமைநாதனும் வைத்தார். வீடு திரும்பும்போது அவளுக்குக் கொஞ்சம் வெற்றி போலவே இருந்தது.

சனிக்கிழமை அவள் சேலை கட்டினாள். பிறகு யோசித்தாள். செயலாளரே ஆணையை மீறினால் தீர்மானத்தின் வலு போய்விடும், உபகுழு கோபித்துக்கொள்ளும், இனி எந்த நியாயத்தையும் உள்ளே இருந்து பேச முடியாது. எல்லாம் ஒழுங்கான காரணங்கள். சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

மறுநாள் சிவாஜினி அழைத்தாள். குரலில் அழுகை இல்லை. பிள்ளை ஒலிப்பதிவுக்கு ஆடினாளாம். நன்றாகத்தான் ஆடினாளாம். வணக்கம் சொல்ல முன்னே வந்தபோது மட்டும், முக்கால்வாசி நாற்காலிகள் காலியாகக் கிடக்க, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாளாம்.

துஷாந்தினி, செயற்குழு சும்மா இருக்கவில்லை என்றாள். பதினாறாம் பிரிவைச் சொன்னாள். உபகுழுவைச் சொன்னாள். தலைவரே கையெழுத்து வைத்த கரிசனையைச் சொன்னாள். எல்லாம் அந்த மனுசன் ஒருவரால் வந்தது என்றும் சொன்னாள்.

சிவாஜினி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் வராட்டி ஒரு கதிரைதானே அக்கா வெறுமையாய் இருந்திருக்கும்," என்றாள்.