மில்லிக்கனில் நியோன்ஹோஃப் வெளியீடு

ஒரு இறுவட்டை, அதாவது சீடியை, எப்படி வெளியிட வேண்டும் என்பதை ஜேர்மனியர்களுக்குக் கனடாவில் எங்கள் மில்லிக்கன்தான் சொல்லிக்கொடுத்தது. பாவம், அவர்கள் அதைத் தயாரித்துக் கடையில் வைத்தார்கள். குத்துவிளக்கு இல்லை. தலைமையுரை இல்லை. சனம் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், நேரடியாகக் கேட்டிருக்கிறது. இப்படியும் ஒரு நாடு.

நியோன்ஹோஃப், எண்பதுகளில் அங்கே கொடிகட்டிப் பறந்த இசைக்குழு. நாலு பேர். சிந்தசைசரைத் தவிர வேறு வாத்தியத்தைத் தொடமாட்டார்கள். அந்தக் காலத்தில் தனித்தனித் தட்டாக வந்த அவர்களுடைய பாட்டுகளை எல்லாம் சேர்த்து இப்போது ஒரே இறுவட்டாக்கியிருக்கிறார்கள்.

இதில் தமிழினத்தின் பங்கு என்ன? சீமோன்.

சீமோன் கனடா வருமுன் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் அகதியாக இருந்தவர். ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைத்தவர். ஒருநாள் நியோன்ஹோஃப்காரர் அவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, உன் மொழியில் எண்ணு என்றார்களாம். எண்ணினாராம். அது ஒரு பாட்டின் நடுவில் வருகிறதாம்.

அந்தப் பாட்டு எங்கும் அகப்படவில்லை. இணையத்திலும் இல்லை. ஆகவே ஒருவரும் நம்பவில்லை. கலியாண வீடுகளில் சாப்பாட்டு வரிசையில் சீமோனைக் கண்டால் யாராவது "ஒண்டு, ரெண்டு" என்று தொடங்குவார்கள். சீமோன் சிரிப்பார். அவருடைய மனைவி அன்ரனெற் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பா.

இறுவட்டு தபாலில் வந்ததும் சீமோன் உறை பிரிக்காமல் அதை எங்கள் கலை இலக்கிய ஒன்றியத்திடம் கொண்டுவந்தார்.

"எல்லாருக்கும் முன்னால போடவேணும். மனிசியும் இருக்கவேணும்."

"போடுவம்," என்றார் தலைவர் சண்முகலிங்கம். "ஆனா முறைப்படி."

இறுவட்டு அன்றே தலைவரின் "பாதுகாப்பில்" எடுக்கப்பட்டு, பொன்நிறத் தாளில் சுற்றப்பட்டு, நாடா கட்டப்பட்டது. செயலாளன் என்ற வகையில் முடிச்சைப் போட்டவன் நான்.

விழா சனிக்கிழமை மாலை. மண்டபம் நிறைந்திருந்தது. விளக்கேற்ற வந்த பிரமுகர்களுக்குத் திரிகள் போதாமல் பக்கத்துப் பலசரக்குக் கடையிலிருந்து இன்னொரு விளக்கு வரவழைத்தோம். அன்ரனெற் முன்வரிசையில், முதியோர் இல்லத்து வேலை உடுப்புக்கு மேல் குளிர்ச்சட்டையோடு இருந்தா. அவவுக்கு அன்று இரவு வேலை.

வரவேற்புரை. ஆசியுரை. வாழ்த்துரை. வாழ்த்துரைக்குப் பதிலுரை. பிறகு கலாநிதி பஸ்ரியனின் ஆய்வுரை. பாட்டுகளை அவர் கேட்டிருக்கவில்லை. கேட்டால் நடுநிலை போய்விடும். அட்டைப்படத்தின் பிரதியை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தார்.

"நாலு பேரும் நாலு பக்கம் பாக்கினம். ஏன்?" என்று கேட்டுத் தண்ணீர் குடித்தார். "அதுதான் எங்கட புலம்பெயர்வு."

கைதட்டல் ஓயவில்லை. சீமோன் குனிந்தபடி என்னிடம் வந்தார்.

"செயலாளர் அண்ணை, அந்த ஒரு பாட்டை மட்டும் போட்டுவிடுங்கோவன். மனிசி வேலைக்குப் போகவேணும்."

"தம்பி, பாட்டு நன்றியுரைக்குப் பிறகு."

"சீடி வெளியீட்டில பாட்டு கடைசியோ?"

"பின்ன? புத்தக வெளியீட்டில புத்தகத்தையோ வாசிக்கிறனாங்கள்?"

அவர் வாதத்தை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். நியாயத்துக்கு எப்போதும் அந்த வலிமை உண்டு.

"அவ இண்டைக்குக் கேக்காட்டி இனி கேக்கமாட்டா, அண்ணை."

"அவவுக்கும் ஒரு பொன்னாடை ஒழுங்கு செய்திருக்கிறம்," என்று ஆறுதல் சொன்னேன்.

அப்போது மேடையில் தலைவர், சிந்தசைசரைத் தமிழில் எப்படி அழைப்பது என்று ஒரு உபகுழு அமைக்க முன்மொழிந்துகொண்டிருந்தார். அன்ரனெற் எழுந்தா. சீமோனின் முகம் வெளுத்தது. ஆனால் அவ வாசல்பக்கம் போகவில்லை. மேடையில் ஏறினா. பொன்னாடை போர்த்த வருகிறா என்று நினைத்துத் தலைவர் கழுத்தைச் சற்றுத் தாழ்த்தினார். சபை கைதட்டியது. அவ தாம்பாளத்திலிருந்து இறுவட்டை எடுத்தா.

"இஞ்சேருங்கோ," என்று கீழே நின்ற கணவரைக் கூப்பிட்டா. "வாங்கோ காருக்கு. பொய்யோ மெய்யோ, இண்டைக்கே பாத்திடுவம்."

தலைவர் நிதானம் இழக்கவில்லை. "முதற்பிரதியைத் திருமதி அன்ரனெற் சீமோன் பெற்றுக்கொள்கிறார்," என்று அறிவித்தார். மீண்டும் கைதட்டல்.

ஒன்றியத்தின் சொத்தை மீட்க நான் பின்னால் போனேன். வாகனத் தரிப்பிடத்தில் அவர்களுடைய பழைய கார் அதிர்ந்துகொண்டிருந்தது. பொன்நிறத் தாள் பனியில் கிடந்தது. டும், டும் என்று ஒரே அடி. அதன் நடுவே, சளி பிடித்த ஒரு இளந்தாரியின் குரல்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு." பிறகு ஜேர்மன்காரர் நால்வரும் அவனுக்குப் பின்னால் பாடினார்கள்.

அன்ரனெற் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா.

"எவ்வளவு சின்னப்பெடியனா இருந்திருக்கிறீங்கள்," என்றா. "திருப்பிப் போடுங்கோ."

நான் கண்ணாடியில் தட்டினேன். "தங்கச்சி, இன்னும் வெளியிடாத தட்டு. கேக்கிறது முறையில்லை."

அவ கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினா.

"அண்ணை, நீங்கள் உள்ள போய்ப் பேசி முடியுங்கோ. நாங்கள் இஞ்ச வெளியிட்டிட்டம்."

நான் திரும்பிப் போய், புழுக்கத்துக்குத் திறந்திருந்த சன்னல்களை அந்த டும், டும் உள்ளே கேட்காதபடி சாத்துவித்தேன். இன்னும் ஐந்து உரைகள் எந்த இடையூறும் இல்லாமல் நடந்தேறின. வெறும் தாம்பாளத்தைப் பிரமுகர்கள் வரிசையாக வந்து தொட்டுப் படம் எடுத்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அன்றே ஏகமனதாகத் தீர்மானித்தோம்: இனி நாங்கள் வெளியிடும் எதையும் மண்டபத்துக்குள் விடுவதில்லை.