சரிங்கம்மா சொன்ன மிசின்

மறுபடியும் சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

சாமான் அறையில், அரிசிப் பெட்டி மாதிரி பருத்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் சிவரூபன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பங்களாக் காவல்காரர் பழனியாண்டிக்கு இங்கிலீசு தெரியாது. தமிழ் எழுத்தே நாற்பது வயதுக்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான். ஆனாலும் சிவப்பு வந்தால் ஆகாது என்பது இந்த ஒரு வாரத்தில் அவருக்கும் பாடமாகியிருந்தது.

தேயிலை மலையில், கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தப் பங்களா, கொழும்பில் இருக்கும் நாகலெட்சுமி அம்மாவுடையது. வாயால் சொன்னால் லைட் தானாக எரிய வேண்டும், ஹீட்டர் தானாகச் சுட வேண்டும் என்று யாழ்ப்பாணத்துப் பொடியன் சிவரூபனை அனுப்பியிருந்தார். இன்றைக்கு மத்தியானம் வந்து பார்ப்பார். ஓடாவிட்டால் பங்களாவை ஹோட்டல்காரருக்குக் கொடுத்துவிடுவாராம். ஹோட்டல்காரர் தன் ஆட்களைத்தான் கொண்டுவருவார். பழனியாண்டி பின்கட்டு அறையைக் காலி செய்துவிட்டு, பெண்டாட்டியோடு எந்தத் தோட்டத்து லயத்து அறையில் போய் நிற்பது?

"இது கடையில ரெடியா விக்க மாட்டாங்களா, ஐயா?"

"விக்கிறதும் இருக்கு அண்ணை. இது சும்மா கிடைக்கிறது. உலகத்திலை கனபேர் சேர்ந்து எழுதி விட்டிருக்கினம். நாங்கள்தான் அடியிலையிருந்து கட்டி எடுக்கோணும்."

பழனியாண்டிக்கு விளங்கியது. கடையில் தேயிலைத் தூள் வாங்காமல், மலையேறிக் கொழுந்து பறித்து, வாட்டி, அரைத்து, அதற்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கிற வேலை. அதிலும் ஒன்றைக் கட்டப் போனால் இன்னொன்று இல்லை என்றது. அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தால் அது மூன்றாவதைக் கேட்டது. கூரைத் தகரம் கேட்டுப் போனால் கங்காணி கணக்கப்பிள்ளையிடம் அனுப்புவார், கணக்கப்பிள்ளை கிளாக்கரிடம் அனுப்புவார், கிளாக்கர் முதலில் கங்காணியைப் பார்த்துவிட்டு வா என்பார். அதே கதைதான். காலையில் ஒருவழியாக மூன்றாவது கிடைத்தது. அது வந்து உட்கார்ந்ததும் முதலாவது படுத்துவிட்டது.

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

சிவரூபன் அப்படியொன்றும் பதறவில்லை. சுவரில் தான் பூட்டி வைத்திருந்த சுவிட்சுப் பலகையைக் காட்டினான்.

"அண்ணை, அம்மா மைக்கிலை சொல்லுறது இஞ்சை நல்லாக் கேக்கும். கேட்ட உடனை நீங்கள் போட்டுவிடுங்கோ."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அம்மா மண்டபத்தில் அமர்ந்து மைக்கைப் பிடித்தார். "லைட்டைப் போடு."

லைட் எரிந்தது. கூடவே, "சரிங்கம்மா" என்று ஒரு குரலும் வந்தது.

பழனியாண்டி வாயைப் பொத்திக்கொண்டார். தோட்டத்தில் விடியக்காலைப் பெரட்டு வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் "ஐயா" என்று கத்திக் கத்தியே வளர்ந்த வாய். மேலே இருப்பவர்கள் குரல் கொடுத்தால் அது அவரைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

"கொழும்பு வீட்டுல நீர் பூட்டின மெஷின் பேசாதே?" என்றார் அம்மா.

"இது புதிசு அம்மா," என்றான் சிவரூபன். இப்போதுதான் அவனுக்கு வியர்த்தது.

அம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஹீட்டரைப் போடச் சொன்னார். ரேடியோவை வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சரிங்கம்மா வந்தது. வராமல் விட்டால் சந்தேகம் வருமே. பிறகு குளிக்க வெந்நீர் கேட்டார். பங்களாவில் வெந்நீர் என்றால் கொல்லைப்புறத்து விறகு பொயிலர். பழனியாண்டி பின்கதவால் ஓடி, ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்துவிட்டுத் திரும்புவதற்குள், அம்மா ரேடியோவை நிறுத்தச் சொல்லி நான்கு தடவை ஆகியிருந்தது.

"சரி... ங்க... ம்மா."

"என்ன, மூச்சு வாங்குது?"

"இந்த மலைக் குளிர் மெஷினுக்கும் ஒத்துக்கொள்ளேல்லை அம்மா."

அம்மா அதையும் நம்பினார். பங்களாவை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் பழனியாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த பேச்சில் கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாம் இதுவே செய்யுதே. இனி அந்த வாட்சர் எதுக்கு?"

"மெஷினுக்குத் தூசி ஆகாது அம்மா. பக்கத்திலை எந்நேரமும் ஒரு ஆள் நிக்கோணும்." மனப்பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான் சிவரூபன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் அந்த வாட்சரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பழனியாண்டி பொயிலரடிக்கு வந்து குந்தினார். வேலை இருக்கிறது, அறையும் இருக்கிறது. ஓடின ஓட்டத்துக்கு இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. அம்மாவின் வேனை ஓட்டி வந்த சின்னராசா, குளிர் காய வந்தவன் போல அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்கதவை ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாம் நல்லாத்தாண்ணே செஞ்சீங்க, பேசினதுதான் தப்பு. கொழும்பு வீட்டுல ரெண்டு வருசமா நான் வாயே தொறக்காமத்தான் லைட்டு போட்டுக்கிட்டு இருக்கேன்."