தேவாங்கின் கிட்டாரும் இரைச்சலின்மைச் சான்றிதழும்

ஒரு காட்டில், சான்றிதழ் இல்லாமல் குயில்கூடக் கூவ முடியாத ஒரு காட்டில், முழியரசி என்றொரு தேவாங்கு இருந்தது. அதற்குக் கண்கள் பெரிது, விரல்கள் சிறிது, ஆசை ரொம்பப் பெரிது. எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதில் அந்த வட்டாரத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அந்தக் கிட்டாரின் கம்பிகள் கழுத்துப் பலகையை விட்டு ரொம்ப உயரத்தில் நின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் அமுக்கி அமுக்கி, பாட்டு முடிவதற்குள் விரல் நுனிகள் வீங்கிவிடும்.

அன்று மாலை முதல்மழைத் திருவிழா. தான் கட்டிய மின்னல் வேகப் பாட்டை அந்த மேடையில் வாசிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகத் துடித்துக்கொண்டிருந்தது முழியரசி. கம்பி தாழ்ந்திருந்தால்தான் அந்த வேகம் வரும். பகலெல்லாம் தூங்கும் பிராணி, அன்று விடிந்ததும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடியது தச்சமுத்து என்ற மரங்கொத்தியிடம். கிட்டார் பழுதுபார்ப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரர்.

"அண்ணே, கம்பியை நல்லா இறக்கிக் குடுங்க. அமுக்கறதே எனக்குத் தெரியக்கூடாது."

"இறக்கறது பெரிய விஷயமில்ல தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டு இறக்கினா கம்பி ஃப்ரெட்டுல உரசி ஸ்ர்ர்ர்னு இரையும். வேலையே அங்கதான் இருக்கு."

ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கோடு. தச்சமுத்து முதலில் சுருதி சேர்த்தார். கம்பி தளர்ந்திருக்கும்போது அளந்தால் எல்லா அளவும் பொய் என்பது அவர் கட்சி. பிறகு கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று திருகி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால் சுற்று திருகி, வளைந்திருந்த கழுத்தை நிமிர்த்தினார். முழுக்க நிமிர்த்தவில்லை, தன் இறகு ஒன்று நுழையும் அளவுக்குக் குழிவு விட்டார். அப்புறம் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியாக இறக்கினார். பதினான்காவது ஃப்ரெட் மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி தலைதூக்கி நின்றது. அதை அலகால் தட்டி உட்காரவைத்தார்.

முழியரசி வாசித்துப் பார்த்தது. விரல் பட்டதும் சுரம் வந்தது. இரைச்சல் மருந்துக்கும் இல்லை. சந்தோஷம் தாங்காமல் மரங்கொத்தியைக் கட்டிப்பிடிக்கப் போய், அலகில் நெற்றியை இடித்துக்கொண்டது.

இனி சான்றிதழ்தான் பாக்கி. கருவி இரையவில்லை என்று இசை ஆய்வாளர் எழுதித் தராமல் யாரும் மேடை ஏற முடியாது. இருவரும் ஆலமரப் பொந்து அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, படிவம் பூர்த்திசெய்து, பசை தீர்ந்துவிட்டதால் பலாப்பிசினால் புகைப்படம் ஒட்டி, ஒருவழியாக ஆய்வாளர் முன் நின்றார்கள்.

ஆய்வாளர் ஒரு கருவண்டு. பெயர் கருமேனிநாதர். பறந்து வந்து, கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே பறந்தபடியே நின்று, "ம், வாசி" என்றார்.

முழியரசி வாசித்தது.

"ங்ஙொய்ய்ங்குனு இரையுதே!"

உண்மையிலேயே இரைந்தது. தச்சமுத்து அவசர அவசரமாகக் கம்பியை உயர்த்தினார். ஆய்வாளர் மறுபடி பறந்து வந்தார். இரைந்தது. இன்னும் உயர்த்தினார். ஆய்வாளர் இன்னும் நெருங்கிப் பறந்து வந்தார். இன்னும் பலமாக இரைந்தது. கடைசியில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே எறும்புகள் கொடி பிடித்து ஊர்வலமே போகலாம் என்று ஆகிவிட்டது. முழியரசியின் விரல்கள் கோவைப்பழமாகச் சிவந்தன.

தச்சமுத்து அதன் காதில் கிசுகிசுத்தார். "தங்கச்சி, அவர் தள்ளிப்போனா சத்தமும் கூடவே தள்ளிப்போகுது, கவனிச்சியா?"

உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நீதிக்கதைகளில் படித்திருந்த முழியரசி, சொல்லியே விட்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம் உங்க ரெக்கையிலேருந்து வருது."

அலுவலகமே கப்சிப். ஆய்வாளர் மட்டும் இரைந்துகொண்டிருந்தார்.

"என் ரெக்கையா? என் ரெக்கைக்கு இரைச்சலின்மைச் சான்றிதழ் இருக்கு, தெரியுமா? நானே கையெழுத்துப் போட்டது!" என்று சொல்லி, படிவத்தின்மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஓங்கி முத்திரை குத்தினார்.

முழியரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷ ஆசை ஒரு முத்திரையில் போயிற்று.

"காலையில வெச்ச அளவுக்கே இறக்கிடுங்கண்ணே. மேடை இல்லாட்டிப் போகுது, வீட்டுலயாவது விரல் வலிக்காம வாசிச்சுக்கறேன்."

தச்சமுத்து இறக்கிக் கொடுத்தார். தூக்கமும் துக்கமும் சேர்ந்து தள்ளாட, முழியரசி உட்கார இடம் தேடியது. அப்போதுதான் பார்த்தது, அந்த அலுவலகத்தில் உட்கார ஒன்றுமே இல்லை. ஆய்வாளருக்கே நாற்காலி இல்லை. கேட்டு எழுதிய கோப்பு ஏழு வருஷமாக மேலிடத்தில் தூங்குகிறதாம். பாவம், மனுஷர் காலையிலிருந்து பறந்துகொண்டேதான் முத்திரை குத்துகிறார். முழியரசிக்கு மனசு இளகிவிட்டது. வாசலில் முளைத்திருந்த ஒரு காளானைப் பிடுங்கி வந்து அவர் முன்னால் வைத்தது.

"உக்காருங்க சார்."

"யாரு, நானா?" ஆய்வாளர் காளானை ஒருமுறை சுற்றிப் பறந்து பார்த்தார். "இந்த ஏழு வருஷத்துல என்னைப் பார்த்து உக்காருன்னு சொன்ன முதல் பிராணி நீதாம்மா."

உட்கார்ந்தார். இறக்கைகளை மடக்கினார். காட்டில் அப்படியோர் அமைதி.

"எங்க, இன்னொரு தடவை வாசி."

வாசித்தது. ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்துவைத்த மாதிரி வந்தது.

"பாத்தியா! நான் கண்டிப்பா இருந்ததாலதானே இப்ப ஒழுங்கா சரிபண்ணியிருக்கீங்க?" என்று பெருமையோடு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார் கருமேனிநாதர்.

அன்று மாலை முழியரசி வாசித்த வாசிப்பில் யானைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஆடின. ஆமை இரண்டு சுற்று சுற்றியது. மழையே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் பிறகு பெய்தது.

மறுநாள் பொந்து வாசலில் ஒரு நரி வந்து நின்றது. அதன் கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது, கம்பியைத் தொட்டாலே அழுதது. ஆனால் நரி கூடவே மெத்தை தைத்த சாய்வு நாற்காலி ஒன்றையும் கொண்டுவந்திருந்தது. ஐந்தே நிமிஷத்தில் சான்றிதழ் கிடைத்தது.

தச்சமுத்து இப்போது கிட்டார் பழுதுபார்ப்பதில்லை. நாற்காலி செய்கிறார்.

நீதி: கம்பியை இறக்குவதற்கு முன் அதிகாரியை இறக்கி உட்காரவை.