கோயில் வாசல் தண்ணீர்ப்பானை விஷயமாக

கர்த்தருக்குள் பிரியமான குருவானவர் ஐயா அவர்களுக்கு,

பாளையங்கோட்டை சபை அங்கத்தினனும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தருமான வேதமாணிக்கம் பணிவுடன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்களும் அம்மாவும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் எஸ்தரும் தேவகிருபையால் சுகம். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று எஸ்தர் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கும் இக்கடிதத்துக்கும் சம்பந்தம் உண்டு.

சாம்பல் புதனன்று தாங்கள் பிரசங்கத்தில், விசுவாசத்தை வாயிலேயே வைத்திருந்தது போதும், கையிலும் காலிலும் காட்டுங்கள், லெந்து உபவாச நாட்கள் நாற்பதும் முடியும்வரை தினம் ஒரு நன்மையை யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள் என்றீர்கள். நன்மை செய்வது சுலபம்தான் ஐயா. யாருக்கும் தெரியாமல் என்று சேர்த்தீர்களே, அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நம் கோயில் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கென்று ஒரு மண்பானை இருக்கிறதல்லவா? போன வருஷமே காய்ந்துபோய் உள்ளே பல்லி குடியிருந்தது. அதை இப்போது ஒருவர், பெயர் வேண்டாம், தினமும் விடியுமுன் தேய்த்துக் கழுவி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்பி வருகிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு, இடது முழங்காலில் வலி. மூன்றாம் நாள் தெருநாய் துரத்தி அரைக்குடம் தண்ணீர் வேட்டியில் போயிற்று. ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தவரை எங்கே போனீர்கள் என்று மனைவி கேட்க, இவர் சொல்ல முடியாமல் முழிக்க, தெருமுக்குக் கடையில் சீனி போட்ட டீ குடித்துவிட்டு வருகிறார் என்று அந்த அம்மாள் முடிவு கட்டி வீட்டுக் காப்பியை அன்றைக்கே நிறுத்திவிட்டாள், சாயங்காலப் பணியாரமும் நின்றது, நான் வாயே திறக்காமல் ஐந்து வாரமாக வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படியிருக்க, போன ஞாயிறு தாங்கள் யாரை முன்னே அழைத்தீர்கள்? தேவசகாயத்தை. சபைக் கமிட்டித் தேர்தலில் என்னைப் பதினோரு ஓட்டில் தோற்கடித்தவர். ஆறு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தில்கூட அவர் உட்காரும் பந்தியில் நான் உட்காருவதில்லை. விடியற்காலையில் அவரைப் பானையருகில் நம் கோயில் உபதேசியார் பார்த்தாராம், ஆகவே தண்ணீர் ஊற்றுகிறவர் இவர்தான் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினீர்கள். மனுஷர் ஒரு மறுப்பும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் எஸ்தர் சொன்னாள்: "அவியளப் பாருங்க, விடியுமுன்ன கோயில் வாசலுக்குப் போறாவ. நீங்க டீக்கடைக்குப் போறிய." ஐயா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்குப் புகழ் வேண்டாம். வரும் ஞாயிறு அறிவிப்பு வேளையில், பொன்னாடை ஆள் மாறிப் போய்விட்டது என்றும், உரியவர் இடது முழங்கால் வலியுள்ள ஓர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் என்றும் பெயர் சொல்லாமல் அறிவித்தால் போதும்.

தங்கள் ஊழியத்தையும் வீட்டாரையும் கர்த்தர் கண்மணிபோல் காப்பாராக. அம்மாவுக்கு எஸ்தரின் விசாரிப்பு.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள
வேதமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தேவசகாயம் வந்து வாசலில் நின்றார். கையில் மஞ்சள் பை, அதற்குள் பொன்னாடை. "அண்ணாச்சி, தண்ணி ஊத்துதது நீங்கதான்னு எனக்கு மொத வாரமே தெரியும். நான் பானை மேல இருக்க டம்ளரக் கழுவி வைக்கத்தான் அங்கன போவேன். குருவானவர் கூப்பிட்டப்போ உண்மையச் சொன்னா நீங்க மறைச்சுச் செஞ்சது வெளிய வந்துருமேன்னு பேசாம நின்னுட்டேன். இத என்னால வீட்டுல வச்சுக்கிட முடியல" என்றார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்தேன். உள்ளேயிருந்து கேட்ட எஸ்தர் இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்தாள். என் காப்பியிலும் கருப்பட்டி இருந்தது. நாளை முதல் அவர் ஒரு குடம், நான் ஒரு குடம். பொன்னாடையை நனைத்துப் பானையைச் சுற்றிக் கட்டப்போகிறோம், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். பார்த்துக் கோபிக்க வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். நானே கிழித்திருப்பேன். கிழித்தது தங்களுக்குத் தெரியாமல் போய்விடுமே என்றுதான் அனுப்புகிறேன்.