சிங்கத்துக்கு முன்னால் ஒரு முந்தானை

எனக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும் என்று நான் நம்பியது மொத்தமே ஐந்து மணி நேரம்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடம், நியூஜெர்சியில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நம்பிக்கை பிறந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருடம். பிஸ்கட்டவேயில் இரண்டாம் மாடியில் அபார்ட்மென்ட். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்து, என் வீட்டுக்காரர் சனி ஞாயிறுகூட ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். என்னுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது, படிக்கலாம். பக்கத்துக் கல்லூரியில் செவ்வாய், வியாழன் சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. ஆனால் அங்கே போக பஸ் கிடையாது. கார் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு சாம்பார் தாளிக்க வேண்டியதுதான். எனக்கு லைசென்ஸ் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சாவிதான் வரவில்லை.

அந்த வாரம் புதுக் கார் வாங்கினோம். "சனிக்கெழமை நான் பிரண்டோட போயிக்கறேன். நீ அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் வண்டிக்குப் பூஜை போட்டுட்டு நேரா வீட்டுக்கு வா. ஒரு கீறல் இல்லாம வந்துட்டீன்னா, செவ்வாக்கெழமைல இருந்து சாவி உனக்கு" என்றார். அம்மா என்றால் என் மாமியார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்தவர். ஊர் திரும்ப இன்னும் இரண்டே வாரம் இருந்தது.

பூஜை அமோகமாக நடந்தது. நான்கு எலுமிச்சம்பழங்களையும் டயரால் கச்சிதமாக நசுக்கினேன். (அர்ச்சகரே "பேஷ்" என்றார். எல்லாம் அந்த பேஷால் வந்த வினை.) பானெட்டில் சந்தனம், குங்குமம். முன்னால் கனமான சாமந்தி மாலை. அத்தையின் மடியில் தேங்காய் மூடியும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

வழியில் அத்தை பெருமூச்சு விட்டார். "ஏங்கண்ணு, நான் வந்து அஞ்சரை மாசமாச்சு. அமெரிக்கால என்னத்தப் பாத்தேன்? கடை பாத்தேன், கார்ப்பெட் பாத்தேன். ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெற்கே ஒரு மணி நேரத்தில் சஃபாரி பார்க் ஒன்று இருப்பது தெரியும். ஆப்பிரிக்க மிருகங்கள் திறந்த வெளியில் திரியும். நாம் நம் காரிலிருந்தபடியே பார்க்கலாம். "போலாங்களா அத்தை?" என்றேன். "போலாம் கண்ணு. அவங்கிட்டச் சொல்லிக்க வேண்டாம்" என்றார்.

வாசலில் கொடுத்த காகிதத்தில் கண்ணாடியைத் திறக்கவே கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை, "வெளிய கை நீட்டக் கூடாதாமாங்க" என்று சுருக்கிச் சொன்னேன். மாலையைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாமிக்குப் போட்டது, எந்த மிருகம் தொடும்?

முதலில் வந்த ஒட்டகச்சிவிங்கி குனிந்து பாதி மாலையை ஒரே இழுப்பில் சாப்பிட்டது. அதன் நாக்கு என் கண்ணெதிரே கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு ரசித்தார். அடுத்த வேலியைத் தாண்டினோம். அங்கே குரங்குகள்.

நம்மூர்க் குரங்குகள் இல்லை. நாய் மூஞ்சி, முரட்டு உடம்பு, விரல் நீளத்துக்குக் கோரைப் பல். முப்பது நாற்பது இருக்கும். எங்களுக்கு முன்னால் போன கார் நின்றுவிட்டதால் நானும் நின்றேன். மீதி மாலையைப் பார்த்துவிட்டு ஒன்று பானெட்டில் தொம்மென்று குதித்தது. சாமந்தியைப் பிய்த்துத் தின்றபடி என் கண்ணையே பார்த்தது. மேலே கூரையில் தடதடவென்று நாலைந்து பேர் ஓடினார்கள். பின்னால் ஆன்டெனா 'டங்' என்று ஒடிந்தது.

அப்போது நான் செய்ததுதான் உலக மகா புத்திசாலித்தனம். எங்கள் ஊரில் சாமி யானை எதிரே வந்தால் வண்டியை அணைத்துவிட்டு ஓரமாக நிற்போம். சத்தம் கேட்டால் யானை மிரளும். அந்தப் பழக்கத்தில் எஞ்சினை அணைத்துச் சாவியையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் சில்லென்று காற்று வந்தது. திரும்பினேன். அத்தை எப்போதோ கண்ணாடியை ஒரு ஜாண் இறக்கி, வாழைப்பழத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை! கை நீட்டக் கூடாதுன்னு சொன்னனுங்களே!"

"நான் எங்க கையை நீட்டுனேன்? பழத்தத்தான் நீட்டுறேன். சனிக்கெழமையும் அதுவுமா ஆஞ்சநேயரு வந்து நிக்கறாரு."

ஆஞ்சநேயர் பழத்தை வாங்கிக்கொண்டார். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டுச் சீப்பைத் தேடினார். கறுத்த கை, நீள நகம், ஒரு நாற்றம். அத்தை வீலென்றார். நான் அதைவிடப் பெரிதாக வீலென்றேன்.

"கண்ணாடிய ஏத்துங்க அத்தை!"

"அமுக்கறேன், ஏற மாட்டேங்குதே!"

ஏறாது. எஞ்சின் அணைந்தால் அந்தக் கண்ணாடி ஏறாது என்பது எனக்குத் தெரியாது. ஊரில் கைப்பிடியைச் சுற்றுகிற கார்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி பழுது, கார் செத்துவிட்டது, அடுத்த வேலிக்குள் சிங்கம். அவ்வளவுதான் என் மூளையில் ஓடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீரமாக மாமியாரைக் காப்பாற்றவில்லை. சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். (எழுதும்போதே மானம் போகிறது.) அறுபத்திரண்டு வயது அம்மாள் ஒற்றைக் கையில் தேங்காய் மூடியால் அந்தக் கையை அடித்துக்கொண்டிருந்தார்.

வரிக்குதிரைக் கோடு போட்ட ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து ஒலிபெருக்கியில் ஏதோ கத்தியது.

"என்ன சொல்றான் கண்ணு?"

"வண்டிய... ஸ்டார்ட் பண்ணச் சொல்றானுங்க."

"அப்பப் பண்ணேன்டீ!"

சாவித் துளையில் சாவியை நுழைக்க மூன்று முறை முயன்றேன். எஞ்சின் உறுமியதும் குரங்கு கையை இழுத்துக்கொண்டு குதித்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்காத அத்தையின் புண்ணியத்தில் கண்ணாடி சரேலென்று ஏறியது. ஜீப்காரர் முன்னே போகச் சொல்லிக் கைகாட்டினார். முன்னால் சிங்கங்கள். உள்ளே நுழைந்த பிறகுதான் அத்தை முனகினார்.

"கண்ணு... என்ற சீலை வெளிய மாட்டிக்கிச்சு."

பச்சைப் பட்டு முந்தானை, ஒரு முழத்துக்கு, ஜன்னலுக்கு வெளியே படபடவென்று பறந்துகொண்டிருந்தது. மர நிழலில் படுத்திருந்த பெண் சிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு எழுந்து நின்றது.

"கொஞ்சூண்டு கண்ணாடிய எறக்கி இழுத்துக்கட்டுமா?"

"வேண்டாங்க அத்தை! உங்க காலைத் தொட்டுக் கும்பிடறனுங்க!"

மணிக்கு ஐந்து மைல் வேகம். சிங்கம் எங்களோடு பத்தடி நடந்து வந்தது. அத்தை கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்கி நடுவில் மறந்து, மறுபடி தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கை விட வேண்டுமே என்று அழாமல் ஓட்டினேன். வெளி கேட்டைத் தாண்டி நிறுத்தியபோது என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஆன்டெனா இல்லை. ஒரு வைப்பர் வளைந்திருந்தது. பானெட் முழுக்கச் சந்தனத்தில் கை ரேகை, அதற்கு நடுவே நகக்கீறல்கள்.

"என்னாச்சு?"

செவ்வாய்க்கிழமை என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அத்தை சொன்னார்: "கோயில்ல ஒரே கொரங்குடா."

"நியூஜெர்சில?"

"ஏன், இங்க இருக்கப்படாதா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய்யும் வராது, அழுகையும் நிற்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இனிமே இவ கையில சாவியக் குடுத்தா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நீ பேசாத" என்றார் அத்தை. "வண்டி ஓடுனாத்தான் கண்ணாடி ஏறும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தியா? சிங்கம் கூடவே வருது, அந்தப் புள்ள நேரா ஓட்டறா. அவளுக்கு உன்ற காலேஜ் ரோடு பெருசா? குடுறா சாவிய."

கொடுத்தார். வகுப்பு முடித்தேன், வேலைக்கும் போனேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யார் காரில் என்ன அடிபட்டாலும் காரணம் ஒன்றுதான். போன மாதம் என் பையன், ஒரு தமிழ் வார்த்தை பேச வைக்க நான் இருபது வருடம் தொண்டை கிழியக் கத்திய பிள்ளை, முன் பம்பர் தொங்க வீட்டுக்கு வந்தான். "வாட் ஹேப்பண்ட்?" என்று அவன் அப்பா பல்லைக் கடித்தார். பையன் கண்ணிமைக்காமல், சுத்தமான கோபித் தமிழில் சொன்னான்:

"கோயில்ல ஒரே கொரங்குப்பா."