நான் டைப் அடித்து அனுப்பிய ஏழு மாடுகள்

சில பேருக்குப் படிப்பு ஏறாது. எனக்கு ஏறியது. ஏறி நேராகத் தலையில் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எங்கள் வீட்டு மாடுகள் போயின. இத்தனை வருஷமாக வெளியாட்களிடம் இதை மழுப்பியே வந்திருக்கிறேன் (“அப்போ ஒரே வறட்சி இல்லையா, மாடெல்லாம் போயிடுச்சு” என்பேன், ஏதோ தாகத்தில் செத்துப்போன மாதிரி). அவை தாகத்தில் சாகவில்லை. என் கையால் போயின.

கீழ்க்கட்டளையில் எங்களுக்கு ஐந்து பசு, இரண்டு எருமை. வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. விடிந்ததும் நைனா பசுவை ஓட்டிக்கொண்டு காலனிக்குப் போவார். வாசலில் கட்டி, காலிச் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வீட்டுக்காரர் கண்ணெதிரிலேயே கறந்து ஊற்றுவார்.

எண்பதுகளின் கடைசியில் மழை எங்களைக் கைவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. வைக்கோல் கண்ணில் படவில்லை. எங்கள் மூத்த பசு காமாட்சி, பசை காயாத சுவரொட்டியாகப் பார்த்துத் தின்னப் பழகிக்கொண்டாள். கறவை பாதியாகிவிட்டது. ஒரு நாள் காலனி அம்மா ஒருவர், “என்னப்பா, பால் தண்ணியா இருக்கே, கலந்துட்டியா?” என்று கேட்க, நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“தண்ணி கெடச்சா மாட்டுக்குக் காட்ட மாட்டேனாம்மா? உங்களுக்கு எதுக்கு ஊத்தறேன்?”

இந்த நேரத்தில் வீட்டின் ஒரே அறிவாளி நான். வயது பத்தொன்பது. பிளஸ் டூ பாஸ். டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு, பல்லாவரத்தில் ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே இங்கிலீஷ் தெரிந்த முதல் ஆள். “கம் ஹியர்” என்று காமாட்சியைக் கூப்பிடுவேன். வரமாட்டாள். அது அவளுடைய கல்வியின்மை என்று நினைத்தேன்.

ஒரு நாள் வாசலில் ஜீப் வந்து நின்றது. முன்னால் ‘வறட்சி நிவாரணம்’ என்று எழுதிய துணி. சஃபாரி போட்டவர் தன்னைக் கால்நடை டாக்டர் என்றார். ஃபைல் வைத்திருந்தவர் ஆபீஸராம்.

“மதுராந்தகம் பக்கம் கால்நடை முகாம் போட்டிருக்கோம். பசும்புல், தண்ணி, தடுப்பூசி எல்லாம் ஃப்ரீ. ரெண்டு மாசம் வச்சிருந்து திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவோம்” என்றார் டாக்டர்.

நைனா தலையைச் சொறிந்தார். “இன்னா சார், சும்மாவா பாத்துக்குவாங்க?”

ஆபீஸர் ஒரு கடிதத்தை நீட்டினார். நைனா அதைத் தொடக்கூட இல்லை. “எம் பொண்ணாண்ட குடுங்க சார், அது படிக்கும்” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடிதத்தைப் பார்த்ததும் பதறிப்போனேன். சந்தேகத்தால் அல்ல. இடது பக்கம் மார்ஜின் இல்லை. சப்ஜெக்ட் இல்லை. ரெஃபரன்ஸ் நம்பர் இல்லை. கையெழுத்துப் போடும் இடம் கோணலாக இருந்தது. புத்தியுள்ள யாரும் ‘இது அரசாங்கக் கடிதமே இல்லை’ என்று முடிவு செய்திருப்பார்கள். ‘பாவம், இவர்களுக்கு நல்ல டைப்பிஸ்ட் இல்லை’ என்று முடிவு செய்தேன் நான்.

“ஹூ டைப்டு திஸ் லெட்டர், சார்?” என்று கேட்டேன்.

டாக்டருக்கு முகம் வெளுத்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, “டெம்பரரி ஸ்டாஃப், மேடம்” என்றார்.

மேடம்! அதுவரை என்னை ‘ஏ மல்லிகா’, ‘பால்காரர் பொண்ணு’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏழு மாடென்ன, வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

“ஐ வில் டைப் இட் ப்ராப்பர்லி, சார்.”

அன்றைக்கே இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து, கார்பன் வைத்து நான்கு பிரதி அடித்தேன். ஒரு பிழை இல்லை. ‘முழு ஒத்துழைப்பு நல்குமாறு’ என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வரி நானே சேர்த்தேன். ரெஃபரன்ஸ் நம்பருக்கு என்ன செய்வது? என் ஹால் டிக்கெட் நம்பரைப் போட்டுவிட்டேன் (எண் இல்லாமல் இருப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கட்டுமே!). மறுநாள் கொடுத்தபோது ஆபீஸர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? அவர்கள் தொழிலிலேயே அவ்வளவு நல்ல கடிதத்தைக் கண்டிருக்கமாட்டார்கள்.

இரண்டு நாளில் லாரி வந்தது. கூட வந்த ஆட்கள் தோளில் புதுக் கயிறு.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டோம். அவிழ்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்வோம், வாங்குபவன் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போவான். மேய்ச்சலுக்கோ, நாலு நாள் யார் பொறுப்பிலோ விட்டால், மாடு எங்கள் கயிற்றோடுதான் போகும். அம்மா புதுக் கயிற்றைப் பார்த்த உடனே இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

“கட்டினது கட்டினபடி போவட்டும். புதுக் கவுறு எதுக்கு? வித்தா தானே அவுப்போம்?”

“அம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது. கவர்மென்ட்ல எல்லா மாட்டுக்கும் ஒரே கயிறுதான். ஸ்கூல்ல யூனிஃபார்ம் இல்லையா? அந்த மாதிரி” என்றேன் நான்.

“கரெக்ட் மேடம்” என்றார் டாக்டர்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா என்னைப் பார்த்தார். நானோ டாக்டரிடம் கோமாரி நோயைப் பற்றி இங்கிலீஷில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் “யெஸ் மேடம், யெஸ் மேடம்” என்றார். நைனா குனிந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.

ஆறு மாடும் ஏறிவிட்டன. காமாட்சி மட்டும் பலகையில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு அசையவில்லை. ஆட்கள் வாலை முறுக்கப் போனார்கள். “நோ, நோ” என்று தடுத்து, இருந்த கடைசித் தவிட்டைக் கையில் அள்ளிக்கொண்டு நானே லாரிக்குள் ஏறினேன். “வாம்மா தாயி, அங்க நல்ல புல்லு கீது” என்று தமிழில்தான் கூப்பிட்டேன். வந்தாள். என்னை நம்பி வந்தாள். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

“மாடு எங்கப்பா?” என்று காலனியில் கேட்டவர்களிடம் நைனா, “கவர்மென்ட் வேலைக்குப் போயிருக்குதும்மா” என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாரம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புண்ணாக்கு மூட்டையோடு பஸ் ஏறினார். சாயங்காலம் அதே மூட்டையோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார்.

“முகாமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றார்.

அம்மா சத்தம் போட்டு அழுதாள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் எங்களுக்கு முன்பே பம்மல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் என் கடிதம். அதாவது, என் கார்பன் பிரதி. இன்ஸ்பெக்டர் இரண்டையும் மேஜையில் பரப்பி வைத்து ரசித்தார்.

“யாருய்யா இத அடிச்சது? நம்ம ரைட்டர் அடிக்கறதப் பாத்தா எனக்கு அழுகையே வருது. இது புஸ்தகம் மாதிரி இருக்கே!”

ஒரு நொடி, சத்தியமாக ஒரே நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது. (என்னை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.)

“சரி, இந்த ரெஃபரன்ஸ் நம்பர் எந்த ஆபீஸ்? அதப் புடிச்சா ஆளப் புடிச்சிடலாம்.”

“சார்... அது என் ஹால் டிக்கெட் நம்பர்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பம்மல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அவர், “நான் கூட வேணான்னுதாம்மா இருந்தேன். லெட்டரு அவ்ளோ நீட்டா இருந்துச்சு, அதான் நம்பிட்டேன்” என்றார். அவருக்கு மூன்று மாடு. அதற்கு அடி வாங்கியிருந்தாலே தேவலை.

ஒரு மாதம் கழித்து, ஏதோ சந்தையில் விலைபோகாமல் நின்றிருந்த எங்கள் கிழட்டு எருமை ஒன்று மட்டும் கிடைத்தது. காமாட்சியும் மற்றவையும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. நைனா அதே காலனியில், அதே வாசல்களில் பாக்கெட் பால் போட ஆரம்பித்தார்.

எனக்குப் பிறகு வேலை கிடைத்தது, டைப்பிஸ்டாகத்தான். எத்தனையோ பேர் நான் அடித்த தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் மட்டும் கரன்ட் பில்லைக்கூட என்னிடம் காட்டுவதில்லை. “மல்லிகா படிச்சிட்டு நல்லா கீதுன்னுச்சா? அப்ப கிழிச்சிப் போடு” என்பதுதான் எங்கள் குடும்ப ஜோக். இன்னமும் விசேஷத்துக்கு விசேஷம் ஓடுகிறது.

அதை ஊரறியத் தொடங்கி வைத்தது அம்மா, என் நிச்சயதார்த்தத்தில். மாப்பிள்ளையின் மாமா நிச்சயப் பத்திரிகையை என் பக்கம் நீட்டி, “பொண்ணு படிச்சதாச்சே, ஒரு தடவை பாத்துடட்டும்” என்றார். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

“ஐயோ, அவகிட்ட குடுக்காதீங்க! அவ சரியா கீதுன்னு சொன்னா கல்யாணமே நின்னுடும்!”

பிறகென்ன, மொத்தக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. சபை விழுந்து விழுந்து சிரித்தது. பட்டுப்புடவையில் நானும் சிரித்தேன். நைனா மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு, ஜமக்காளத்தை மடித்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார். “டாக்டர்னு வந்தானே, அவன் சாணி மெதிக்காம தாண்டித் தாண்டி நடந்தான். மாட்டு டாக்டரு எவனாவது அப்படி நடப்பானா? எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சு. ஒருவேளை நெசமா இருக்குமோன்னுதான் புண்ணாக்கு தூக்கிகினு போனேன்.”

“தெரிஞ்சும் ஏன் நைனா சொல்லல?”

“நீ அவங்கூட இங்கிலீசு பேசிகினு இருந்தே. ஜீப்புல வந்தவன் எம் பொண்ணுக்கு ‘யெஸ் மேடம், யெஸ் மேடம்’ங்கறான். நடுவுல பூந்து கெடுக்க மனசு வர்ல.”

“ஏழு மாடு நைனா!” என்றேன்.

“ஆறுதான்” என்றார் நைனா. “ஒரு எருமை வந்துச்சில்ல.”